மேகநோய்: ஒரே பெயரில் பல பிணிகள்

பழைய வைத்திய நூல்களிலும், சென்ற நூற்றாண்டின் தமிழ் மருந்து விளம்பரங்களிலும் அடிக்கடி தென்பட்ட மேகநோய் என்ற சொல், இன்றைய மருத்துவம் தனித்தனியாகப் பிரித்தறியும் பல நோய்களைச் சேர்த்துக் குறித்த பொதுப்பெயராகும். இதிலுள்ள மேகம் வானத்து முகிலன்று. சிறுநீர் கழிதலைக் குறிக்கும் வடசொல்லிலிருந்து வந்தது. ஆயுர்வேதம் பிரமேகத்தைக் கபத்தால் வருவன 10, பித்தத்தால் வருவன 6, வாதத்தால் வருவன 4 என்று 20 வகையாகப் பகுத்தது. அவற்றுள் ஒன்றான மதுமேகமே இன்று நீரிழிவு அல்லது சர்க்கரை நோய் எனப்படுகிறது. ஆகவே, தொடக்கத்தில் இச்சொல்லுக்கும் உடலுறவுக்கும் நேரடியான தொடர்பு இருக்கவில்லை.

சிறுநீர் கழிக்கும்போது எரிச்சலும் சீழும் உண்டாகும் கொனோரியா என்னும் நோய் அதே பாதையில் தோன்றியதால், அதுவும் மேகத்தின் வகையாகவே எண்ணப்பட்டது. உடலில் மிகுந்த சூட்டைக் குறிக்கும் வெட்டை என்ற சொல்லும் இதனோடு சேர்ந்துகொள்ள, மேகவெட்டை, வெள்ளை வெட்டை, வெட்டைச்சூடு போன்ற பெயர்கள் வழக்கில் ஊன்றின. தோலில் பரவும் படைக்கு மேகப்படை என்றும் மூட்டைப் பிடிக்கும் வலிக்கு மேகவாயு என்றும் பெயர்கள் இருந்தன. நுண்ணோக்கி இல்லாத காலத்தில், கண்ணுக்குத் தெரியும் குறிகளைக்கொண்டு நோய்களை இனம் சேர்த்த இம்முறையை அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. மூட்டுவலியைச் சீழ்நோயோடு இணைத்துப் பார்த்ததில் கூர்மையான கவனிப்பும் இருந்திருக்கிறது; கொனோரியா கிருமி இரத்தத்தில் கலந்து மூட்டுகளைத் தாக்கக்கூடும் என்பதை இன்றைய மருத்துவமும் ஏற்கிறது.

சிபிலிஸ் எனப்படும் நோய்க்கோ வேறொரு பெயரும் வாய்த்தது. 1495-இல் பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்லஸின் படை நேப்பிள்ஸ் நகரைக் கைப்பற்றிய காலத்தில் ஐரோப்பாவில் கொள்ளைநோயாகக் கிளம்பிய அதனை இத்தாலியர் பிரெஞ்சு நோய் என்றனர். பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸ் நோய் என்றனர். கடல்வழியாக இந்தியாவை அடைந்தபோது, 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பாவமிஸ்ரர் தம் மருத்துவ நூலில் அதனைப் பிரங்க ரோகம் என்று எழுத, தமிழ் வழக்கு, ஐரோப்பியரைக் குறிக்கும் பறங்கி என்ற சொல்லைச் சேர்த்து, அதனைப் பறங்கிப்புண் என்றது. அதற்கு மருந்தாகச் சீனத்திலிருந்து வந்த கிழங்கு பறங்கிப்பட்டை என்ற பெயரில் இன்றும் நாட்டு மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. நோயின் பெயரில் அயலாரைக் குற்றவாளியாக்கும் இவ்வழக்கம் எந்த நாட்டையும் விட்டுவைக்கவில்லை.

ஒரே பெயரில் பல நோய்களை அடக்கிய குழப்பம் தமிழுக்கு மட்டும் உரியதன்று. வீனஸ் என்னும் காதல் தெய்வத்தின் பெயரால் அமைந்த வெனிரியல் நோய் என்ற ஐரோப்பியச் சொல்லும் கொனோரியாவையும் சிபிலிஸையும் நெடுங்காலம் ஒன்றாகவே கருதவைத்தது. புகழ்பெற்ற லண்டன் அறுவை மருத்துவரான ஜான் ஹண்டர், கொனோரியா நோயாளியின் சீழை எடுத்துக் கூரிய கத்திமுனையால் உடலில் செலுத்திச் சோதித்தபோது சிபிலிஸின் புண் தோன்றியதால், இரண்டும் ஒரே நோயின் இரு வடிவங்கள் என்று 1786-இல் வெளியான நூலில் உறுதியாக எழுதினார். அந்த நோயாளிக்கு இரண்டு நோய்களும் இருந்திருக்க வேண்டும் என்பதே பிற்காலத்தவர் கூறும் விளக்கம். பாரிஸ் மருத்துவர் பிலிப் ரிகோர் 1838-இல் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும்வரை ஹண்டரின் செல்வாக்கு அந்தப் பிழையைக் காத்து நின்றது. 1879-இல் ஆல்பர்ட் நைசர் கொனோரியாவின் கிருமியையும், 1905-இல் ஷாடினும் ஹோஃப்மனும் சிபிலிஸின் திருகுவடிவக் கிருமியையும் கண்டறிந்த பிறகே விவாதம் முடிந்தது.

பிரித்தறிவது வெறும் பெயர்ச்சிக்கல் அன்று என்பதைச் சிபிலிஸின் போக்கே காட்டும். கிருமி தொற்றிச் சில வாரங்களில் வலியற்ற புண்ணொன்று தோன்றி, மருந்து எதுவும் இல்லாமலேயே ஆறிவிடும். பின்னர் உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்கூடத் தடிப்புகள் எழுந்து, அவையும் தாமாகவே மறையும். அதன்பின் ஆண்டுக்கணக்கில் அமைதியாக இருந்துவிட்டு, சிலருக்கு இதயத்தையும் மூளையையும் தாக்கும். புண் ஆறிய வேளையில் கொடுக்கப்பட்டது பாதரசமாயினும் கிழங்குச் சூரணமாயினும் குணப்படுத்திய பெருமை அதற்கே போய்ச் சேர்ந்தது. மருந்தை மெய்ப்பிக்க இத்தனை வசதியான நோய் வேறொன்று இருக்க முடியாது. 1910-இல் பால் எர்லிக்கின் சல்வர்சானும், 1943 முதல் பென்சிலினும் வந்த பிறகுதான் கிருமியை உண்மையாகவே கொல்லும் மருந்து வாய்த்தது.

பழஞ்சொல்லின் சுமையை மிகுதியாகத் தாங்கியவர்கள் பெண்கள் எனலாம். மாதச் சுழற்சிக்கேற்ப அளவிலும் தன்மையிலும் மாறும் இயல்பான கசிவு, பூஞ்சையால் உண்டாகும் அரிப்பு, உடலுறவால் பரவும் தொற்று ஆகிய எல்லாமே வெள்ளை என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கியதால், நோயே இல்லாதவர் தம்மை நோயாளியாகக் கருதி அஞ்சவும், உண்மையிலேயே தொற்றுக்கு ஆளானவர் உடம்புச் சூடு என்று வெந்தயமும் இளநீரும் அருந்திக் காலங்கடத்தவும் நேர்ந்தது. கணவரிடமிருந்து பெற்ற தொற்றுக்குத் தம் உடலின் சூட்டையே பழிக்கும் நிலை இன்னும் அடியோடு மறைந்துவிடவில்லை. காலனி ஆட்சியும் இதே திசையில்தான் சென்றது: 1868-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம் படைவீரர்களை விட்டுவிட்டு, பாலியல் தொழில் செய்த பெண்களைப் பதிவுசெய்து கட்டாயப் பரிசோதனைக்கு உட்படுத்தியது.

மருத்துவ வழக்கில் இன்று பால்வினை நோய் என்பதும், அறிகுறியே காட்டாமல் உடலில் தங்கும் நிலையையும் உள்ளடக்கும் பால்வினைத் தொற்று என்பதும் வழங்குகின்றன. எனினும் பழஞ்சொற்கள் முற்றிலும் நீங்கிவிடவில்லை. மாயமருந்து விளம்பரங்களைத் தடுக்கும் 1954-ஆம் ஆண்டு இந்தியச் சட்டம் வெனிரியல் நோய் என்ற சொல்லையே விளக்கிப் பயன்படுத்துகிறது. சிபிலிஸ் உண்டா என்று அறியக் கர்ப்பிணிகளுக்குச் செய்யப்படும் வி.டி.ஆர்.எல். பரிசோதனையின் முதலிரண்டு எழுத்துகளும் அச்சொல்லின் சுருக்கமே. அச்சோதனை கிருமியை நேரே தேடுவதில்லை. தொற்றின் விளைவாக இரத்தத்தில் தோன்றும் எதிர்ப்பொருளைக் காட்டுவதால், வேறு சில நோய்களிலும் கர்ப்ப காலத்திலும் தவறாக நோய் உண்டு எனக் காட்டக்கூடும். ஆதலால் முடிவை உறுதிசெய்ய டி.பி.எச்.ஏ. போன்ற இன்னொரு சோதனை தேவைப்படுகிறது. தாய்க்கு நோய் உறுதியானால், உரிய காலத்தில் போடப்படும் பென்சிலின் ஊசி வயிற்றிலுள்ள குழந்தையையும் காக்கிறது.

ஆய்வக வசதி குறைந்த இடங்களுக்காக உலக சுகாதார நிறுவனம் வகுத்ததும், இந்திய அரசு மருத்துவமனைகளில் பின்பற்றப்படுவதுமான அறிகுறிவழிச் சிகிச்சை முறையிலோ குறிகளை வைத்து நோய்களைச் சேர்க்கும் பழைய வழக்கம் வேறு வடிவில் திரும்பியிருக்கிறது. சிறுநீர்ப் பாதையில் சீழுடன் வருபவருக்கு, கிருமி எது என்று அறியக் காத்திராமல், கொனோரியா, அதைப் போன்றே உடலுறவால் பரவும் கிளமிடியா ஆகிய இரண்டையும் ஒருசேர முறியடிக்கும் வகையில் அசித்ரோமைசினும் செஃபிக்சிமும் ஒரே வேளையில் கொடுக்கப்படுகின்றன. அவருடைய துணைக்கும் அதே மருந்து உண்டு. ஆண்களின் சீழ்நோய்க்கு இம்முறை நன்கு பொருந்துகிறது. பெண்களின் வெள்ளைப்படுதலுக்கோ அவ்வளவாகப் பொருந்துவதில்லை, ஏனெனில் கருப்பை வாயில் தொற்றுள்ள பலருக்கு எந்தக் கசிவும் தென்படுவதில்லை.