உஷார்! தமஸ்கு வழிக்கு அவசரப் பதில் வேண்டாம்

ஓசூர், மத்திகிரி, பாகலூர் ஜெபக்கூட்டத்துத் தம்பி தங்கைகளே, உஷார்! சிப்காட்டில் ஷிஃப்ட் முடிந்து பஸ் ஏறியதும் வாட்ஸ்அப்பில் இந்தக் கேள்வி வந்து நிற்கும்: தமஸ்குவுக்குப் போகும் வழியில் இயேசு பவுலிடம் பேசியபோது, அவரோடு போனவர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டார்களா, இல்லையா? கேட்டார்கள் என்கிறது அப்போஸ்தலர் நடபடிகள் 9:7. கேட்கவில்லை என்கிறது 22:9. 9:7-ல் பிரமித்து நிற்கிறார்கள். 26:14-ல் எல்லாரும் தரையில் விழுகிறார்கள்.

கேள்வி நியாயமானது. ஆபத்து நம் பதிலில்தான்!

'கேள்' என்று பொருள்படும் கிரேக்க வினை ஒரு வேற்றுமையோடு வந்தால் வெறும் ஓசை, இன்னொன்றோடு வந்தால் பொருளும் புரிந்தது என்று பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். முழு பாரத்தையும் அதன்மேல் வைக்காதீர்கள்! பவுல் தாமே கேட்டதை 9:4 ஒரு வேற்றுமையிலும் 22:7 மற்றதிலும் சொல்கின்றன. இரண்டிலும் புரிந்துகொண்டுதான் மறுமொழி சொல்கிறார். விதி அங்கேயே உடைகிறது. கிரேக்கம் படித்தவர் இதைச் சுட்டிக்காட்டும் நாளில், அந்தப் பதிலை நம்பிய பிள்ளையின் விசுவாசமும் சேர்ந்து ஆட்டம் காணுமே, அதுதான் என் பயம்.

அதற்குப் பதில், ஒவ்வொரு முறையும் யாரிடம் சொல்லப்பட்டது என்று பாருங்கள். 22-ம் அதிகாரத்தில் எருசலேமில், தன்னைக் கொல்லப் பார்த்த ஜனத்திடம் எபிரெய பாஷையில் பேசுகிறார். அதனால் தமஸ்குவில் பவுலைச் சந்தித்த அனனியா அங்கே நியாயப்பிரமாணத்தின்படி நடக்கும் நல்ல யூதன். 26-ல் செசரியாவில் அகிரிப்பா ராஜா முன்னால் நிற்கிறார். அனனியா பேச்சே இல்லை, புறஜாதிகளிடம் அனுப்பும் கட்டளை வழியிலேயே கிடைத்துவிடுகிறது. வீட்டில் தெலுங்கும் அத்திப்பள்ளிக் கடையில் கன்னடமும் வேலையிடத்தில் தமிழும் பேசும் நமக்கு இது புரியாதா? ஒரே விபத்தை மூன்று பேரிடம் ஒரே மாதிரியா சொல்கிறோம்? ஆனால், சத்தம் கேட்டதா என்பதற்கு இது மட்டும் விடையாகாது. ஆகும் என்று சாதிக்கவும் வேண்டாம்.

இன்னும் கடினமானது கலாத்தியர் முதல் அதிகாரம். உடனே அரபியாவுக்குப் போனேன், மூன்று வருஷம் கழித்தே எருசலேமுக்குப் போய்ப் பேதுருவிடம் 15 நாள் தங்கினேன் என்கிறார் பவுல். நடபடிகளில் அரபியாவே இல்லை. அடுத்த கேள்வி அங்கிருந்துதான் வரும்!

இந்த ஞாயிறே நான்கு அதிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, தமிழ், தெலுங்கு, கன்னட வேதாகமங்களோடு வாசியுங்கள். அதுவரை அந்த வேற்றுமை விதியை யாருக்கும் ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.