கூட்டி எரிக்கும் சருகை மரக்கறிப் பாத்தியில் போடுவோம்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எந்த லயத்துப் பக்கம் போனாலும் புகை தெரியும். வாசலைக் கூட்டி, சருகையும் புல்லையும் ஓரத்தில் குவித்து நெருப்பு வைத்திருப்பார்கள். அதே வீட்டுக்குப் பின்னால் போஞ்சிப் பாத்தி வெறும் மண்ணாகக் காய்ந்து கிடக்கும். அந்தப் பாத்திக்குப் போக வேண்டியதைத்தான் நாம் எரித்துக்கொண்டிருக்கிறோம்.

2021ஆம் ஆண்டு இரசாயன உர இறக்குமதி நிறுத்தப்பட்டதையும், 2022இல் மரக்கறி விலை ஏறியதையும் நாம் மறக்கவில்லை. அப்படிப்பட்ட காலத்தில் கைகொடுப்பது வீட்டுப் பாத்திதான். அதன் மண்ணைக் காப்பது நமது பொறுப்பு.

நம்முடையது சரிவு நிலம். பெருமழை ஒன்று அடித்தால் மேல்மண் கானோடு போய்விடும். சத்து அதிகம் இருப்பதே அந்த மேல்மண்ணில்தான். சருகால் மூடிவிட்டால் மழைத்துளி நேரே மண்ணில் அடிக்காது. தண்ணீர் மெதுவாக உள்ளே இறங்கும். வெயில் காலத்தில் ஈரம் சீக்கிரம் காயாது. களையும் குறையும். சருகு உக்கிய பிறகு மண்ணோடு சேர்ந்து உரமாகும். இதை ‘மூடுபடை’ என்று சொல்வார்கள்.

எதைப் போடலாம்? சவுக்கு இலை, கிளிரிசீடியா தழை, காய்ந்த மானாப் புல், வாழைச் சருகு, காய்த்து ஓய்ந்த போஞ்சிக் கொடி எல்லாம் நல்லது. கவ்வாத்து மிலாறை மலையிலிருந்து தூக்கி வர வேண்டாம். அது தேயிலை மண்ணுக்கே தேவை.

எப்படிப் போடுவது? முதலில் களை பிடுங்கித் தண்ணீர் ஊற்றுங்கள். பிறகு இரண்டு, மூன்று அங்குலக் கனத்துக்குப் பரப்புங்கள். தண்டைச் சுற்றி இரண்டு அங்குலம் இடைவெளி விடுங்கள். நாங்களும் ஒரு தடவை அவசரப்பட்டு, பச்சைப் புல்லைத் தக்காளித் தண்டோடு சேர்த்துக் குவித்துவிட்டோம். புல் சூடேறி, தண்டு அழுகி, ஒரு பாத்தியே போச்சு. அதன் பிறகு புல்லை இரண்டு நாள் காயவைத்துத்தான் போடுகிறோம். கரட், பீட்ரூட் விதைத்த பாத்தியில் செடி நாலு விரல் உயரம் வரும்வரை பொறுங்கள்.

விதை முற்றிய புல், நோய் பிடித்த உருளைக்கிழங்குச் செடி, தக்காளிச் செடி, களைநாசினி அடித்த இடத்துப் புல் ஆகியவை வேண்டவே வேண்டாம். மழைக்காலத்தில் சருகுக்கடியில் நத்தை தங்கும்; காலையில் புரட்டிப் பார்த்துப் பொறுக்கிவிடுங்கள்.

அடுத்த ஞாயிறு வாசல் கூட்டும்போது நெருப்புப்பெட்டியைத் தேடாதீங்க. ஒரு கூடையை எடுங்க.