தொழிற்களத் துயரும் வரலாற்றுப் புனைவின் மொழியும்

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தை முந்தைய தலைமுறைத் தமிழர் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என வழங்கினர். ‘கம்பம்’ என்பது சிற்றூரைக் குறிக்கும் ‘கம்போங்’ என்னும் மலாய்ச் சொல்லின் தமிழ் வடிவம். செராங்கூன் சாலையிலுள்ள வீரமாகாளியம்மன் கோவிலும் முன்பு சுண்ணாம்புக் கம்பத்துக் கோவில் என்றே அழைக்கப்பட்டது. அங்கே சுண்ணாம்புத் தொழில் நடந்ததை அவ்விடப்பெயர் சொல்கிறது. அத்தொழிலில் வெந்த கைகளைச் சொல்வதில்லை. பெயர் சொல்லாமல் விட்டதைச் சொல்வதே வரலாற்றுப் புனைவின் பணி.

சுட்ட சுண்ணாம்பில் நீர் பட்டால் அது கொதித்து நீறும். தெறிக்கும் துளி தோலைப் புண்ணாக்கும், கண்ணைக் கெடுக்கும். ‘சுண்ணாம்பு நீறியது’ என்பது தன்வினை. ‘சுண்ணாம்பை நீற்றினான்’ என்பது பிறவினை. முன்னதில் மனிதன் இல்லை, பின்னதில் இருக்கிறான்.

தொழிற்கள விபத்துச் செய்திகள் பெரும்பாலும் தன்வினையிலேயே அமைகின்றன. 1978 அக்டோபர் 12ஆம் நாள், ஜூரோங் கப்பல் பட்டறையில் பழுதுபார்க்கப்பட்டுவந்த ‘ஸ்பைரோஸ்’ என்னும் கிரேக்க எண்ணெய்க் கப்பல் வெடித்தது. 76 பேர் மாண்டனர். இரும்பை வெட்டும் சுடரிலிருந்து தெறித்த பொறி, எரிபொருள் தொட்டியிலிருந்த ஆவியைப் பற்றவைத்ததாக விசாரணையில் தெரியவந்தது. ‘தீ மூண்டது’ என்பதோடு செய்தி முடிந்துவிடும். புனைவோ மேலும் கேட்கும்: தொட்டியைச் சோதித்திருக்க வேண்டியவர் யார்? தீச்சுடர் வேலைக்கு இசைவளித்தவர் யார்? நண்பகல் உணவுக்குப்பின் உள்ளே இறங்கியவர் யார்?

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. ‘மூண்டது’ என்பதை ‘மூட்டினர்’ என மாற்றுவது எளிது. அது பொய்யாகவும் ஆகிவிடலாம். கதைக்கென ஒரு கொடியவனைப் படைத்துவிட்டால், பல பிழைகள் கூடி விளைவித்த கேடு மறைந்துபோகும். மாந்தரின் பெயரும் உரையாடலும் கற்பனையாகலாம். நாளும் இடமும் கேட்டின் காரணமும் கற்பனையாதல் கூடாது.

இத்துறையில் தமிழுக்கு முன்னோடிகள் உண்டு. ஜப்பானியர் ஆட்சியில், 1942–43ஆம் ஆண்டுகளில், சயாம்–பர்மா இருப்புப்பாதை அமைக்க மலாயாத் தோட்டத் தமிழர் கொண்டுசெல்லப்பட்டனர். நோயாலும் பட்டினியாலும் பல்லாயிரவர் மாண்டனர். மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ அவர்களைப் பற்றிய புதினம். மாணவர் அதனைப் பயில்வது நன்று.

ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு பயிற்சி தரலாம். நாளிதழின் விபத்துச் செய்தி ஒன்றிலுள்ள தன்வினைகளை மாணவர் அடிக்கோடிடட்டும். ஒவ்வொன்றின் பின்னும் ‘செய்தவர் யார், செய்யத் தவறியவர் யார், பட்டவர் யார்’ என வினவட்டும். இலக்கணப் பாடம் அவ்விடத்தில் அறப்பாடமும் ஆகும்.