மாநகராட்சிச் செலவைக் குடிமக்கள் சரிபார்ப்பது எப்படி?

நாகர்கோவில் 2019இல் மாநகராட்சியாகத் தரம் உயர்ந்தது. அதன் 52 வார்டுகளில் வசூலாகும் சொத்து வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை ஆகியவற்றோடு மத்திய, மாநில அரசுகளின் நிதியும் சேர்ந்து ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டமாக மாமன்றத்தில் வைக்கப்படுகிறது. குழித்துறை, பத்மநாபபுரம், குளச்சல், கொல்லங்கோடு நகராட்சிகளிலும் இதே நடைமுறைதான். இந்தப் பணம் எப்படிச் செலவாகிறது என்று கேட்கவும், ஆவணங்களைப் பார்க்கவும் ஒவ்வொரு குடிமகனுக்கும் சட்ட உரிமை உண்டு.

மிகைச் செலவைக் கண்டறிதல்

வரவு செலவுத் திட்டத்தில் கடந்த ஆண்டின் உண்மைச் செலவு, நடப்பாண்டின் திருத்திய மதிப்பீடு, வரும் ஆண்டின் மதிப்பீடு ஆகிய மூன்றையும் ஒப்பிட்டுப் படிக்க வேண்டும். வாகன வாடகை, தெருவிளக்குப் பராமரிப்பு போன்ற ஏதாவது ஒரு தலைப்பில் தொகை திடீரென எகிறியிருந்தால் காரணம் கேட்கலாம். தொகை பெரிது என்பதாலேயே அது முறைகேடு ஆகிவிடாது. நாகர்கோவில் வலம்புரிவிளையில் குவிந்த குப்பையை அகற்றவும், பாதாளச் சாக்கடை அமைக்கவும் பெருந்தொகை தேவைப்படத்தான் செய்யும். அளவையும் விலையையும் சரிபார்த்தால்தான் மிகை வெளிப்படும்.

ஒரு தெருவில் காங்கிரீட் தளம் போடுவதை எடுத்துக்கொள்ளலாம். நீளம் 100 மீட்டர், அகலம் 3 மீட்டர், கனம் 15 செ.மீ. என்றால் தேவை 45 கன மீட்டர் காங்கிரீட். அளவுப் புத்தகத்தில் கனம் 20 செ.மீ. என்று எழுதினால் கணக்கு 60 கன மீட்டராகிவிடும். போடாத 15 கன மீட்டருக்கும் மக்கள் பணம் போகும். வேலை நடக்கும்போதே தளத்தின் ஓரத்தில் அளந்து, தேதியோடு படம் எடுத்து வைத்தால் பின்னர் ஒப்பிட எளிது. விலையைப் பொதுப்பணித் துறையின் விலை விகிதப் பட்டியலோடு ஒப்பிட வேண்டும். தெருவிளக்கு என்றால், அதே தர விளக்கைப் பக்கத்து நகராட்சி என்ன விலைக்கு வாங்கியது என்று பார்க்கலாம்.

ஒப்பந்தப்புள்ளி நடைமுறையும் முக்கியம். தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. அதன் விதிகளின்படி 2 கோடி ரூபாய் வரையிலான பணிக்குக் குறைந்தது 15 நாளும், அதற்கு மேற்பட்டதற்கு 30 நாளும் ஒப்பந்தப்புள்ளி அளிக்க அவகாசம் தர வேண்டும். அவகாசத்தைக் குறைத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். ஒரே வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்திருந்தாலும், ஒருவர் மட்டுமே ஒப்பந்தப்புள்ளி அளித்திருந்தாலும் கூடுதல் கவனம் தேவை.

ஆவணங்களைப் பெறுதல்

தகவல் உரிமைச் சட்டத்தை 1997இலேயே கொண்டுவந்த மாநிலம் தமிழ்நாடு. நாடு முழுவதற்குமான சட்டம் 2005இல் வந்தது. 10 ரூபாய் கட்டணத்துடன் பொதுத் தகவல் அலுவலருக்கு விண்ணப்பித்தால் 30 நாளில் பதில் தர வேண்டும். குறிப்பிட்ட பணியின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகப் பக்கங்கள், பில், மாமன்றத் தீர்மானம் ஆகியவற்றின் நகலைக் கேட்கலாம். பணியிடத்தைப் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் இச்சட்டம் இடம் தருகிறது. எதற்காகக் கேட்கிறீர்கள் என்று அதிகாரி கேட்க முடியாது. பதில் வராவிட்டால் 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடும், அதன் பின் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடும் செய்யலாம்.

ஆவணங்களை வைத்து மக்கள் கேள்வி எழுப்பியதற்கு முன்னுதாரணங்கள் உண்டு. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற அமைப்பு 1994 முதல் பில்களையும் வருகைப் பதிவேடுகளையும் ஊர் மக்கள் முன் வாசித்துச் சரிபார்த்தது. தமிழ்நாட்டில் அறப்போர் இயக்கம் 2018இல் சென்னை, கோவை மாநகராட்சி ஒப்பந்தங்கள் குறித்துப் புகார் அளித்தது. அதன் பேரில் 2021 ஆகஸ்டில் லஞ்ச ஒழிப்புத் துறை வழக்குப் பதிந்தது. அதில் முன்னாள் அமைச்சர் ஒருவர் மீதான முதல் தகவல் அறிக்கையை 2022 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. புகார் வழக்காவதும், வழக்கு நிலைப்பதும் ஆதாரத்தைப் பொறுத்தவை.

தீர்வுக்கான வழிகள்

முதல் இடம் பகுதி சபை. 2022 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டின் நகர்ப்புறங்களில் முதன்முதலாக நடந்த இக்கூட்டங்களில் வார்டின் பணிகளைக் குறித்து மக்கள் நேரடியாகக் கேள்வி எழுப்பலாம். அடுத்து ஆணையரிடமும், திங்கள்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடமும் மனு அளிக்கலாம். உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையின் தடைக் குறிப்புகளை நகல் கேட்டுப் பெறலாம். நிர்வாக முறைகேட்டுக்கு உள்ளாட்சி முறைமன்ற நடுவத்தையும், லஞ்சத்துக்கு நாகர்கோவில் லஞ்ச ஒழிப்புப் பிரிவையும் அணுக வேண்டும். கடைசி வழி உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பொதுநல வழக்கு.

ஆபத்தும் பாதுகாப்பும்

கேள்வி கேட்பவர்கள் மிரட்டலுக்கு ஆளாவது உண்டு. 2010 ஜனவரியில் புணே அருகே தகவல் உரிமை ஆர்வலர் சதீஷ் ஷெட்டி கொல்லப்பட்டார். தகவல் உரிமை விண்ணப்பத்தில் வீட்டு முகவரிக்குப் பதிலாக அஞ்சல் பெட்டி எண்ணைத் தரலாம் என்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் 2013இல் கூறியுள்ளது. தனியாகப் போகாமல் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பெயரில் மனு அளிப்பது நல்லது. மிரட்டல் வந்தால் காவல் கண்காணிப்பாளரிடம் உடனே எழுத்துமூலம் புகார் செய்ய வேண்டும். ஆதாரம் இல்லாமல் ஒருவரைத் திருடர் என்று எழுதினால் அவதூறு வழக்கு வரலாம். ஆகவே மனுவில் பணியின் பெயர், ஆணை எண், பதிவான அளவு, நேரில் கண்ட அளவு, வேறுபடும் தொகை ஆகியவை மட்டும் இருக்கட்டும்; ஒப்புகைச் சீட்டும் ஒரு நகலும் கையில் இருக்க வேண்டும்.