வகுப்பறைக்குள் கம்ப்யூட்டர்: ஒரு பி.எட். மாணவியின் அனுபவம்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பவர்பாயிண்ட்டைத் திறந்தவுடன் முதலில் என்ன செய்வார்கள்? எழுத்துகளைப் பறக்க விடுவார்கள், சுழல விடுவார்கள், ஒவ்வொரு ஸ்லைடுக்கும் ஒரு நிறம் கொடுப்பார்கள். நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் நான் அதை வீட்டில் மட்டும் வைத்துக்கொள்ளாமல், ஓர் அரசுப் பள்ளியின் ஒன்பதாம் வகுப்புக்குக் கொண்டு போனேன். அங்கே பட்ட பாடும், அதிலிருந்து கற்றுக்கொண்டதும்தான் இந்தக் கட்டுரை.

நான் பி.எட். இரண்டாம் ஆண்டு மாணவி. என் பாடம் இயற்பியல். பி.எட். படிப்பு 2015-ம் ஆண்டு முதல் இரண்டு ஆண்டுப் படிப்பாக மாற்றப்பட்டது. இரண்டாம் ஆண்டில் 16 வாரங்கள் ஏதாவது ஒரு பள்ளிக்குச் சென்று பாடம் நடத்த வேண்டும். பாடக்குறிப்பு எழுத வேண்டும், கற்பித்தல் துணைக்கருவி செய்ய வேண்டும், பள்ளியின் வழிகாட்டி ஆசிரியை பின்னால் அமர்ந்து கவனிப்பார். பயிற்சி தொடங்கச் சில மாதங்களுக்கு முன்புதான் அப்பா எனக்கு ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கித் தந்திருந்தார். "சார்ட் பேப்பர் எல்லாம் பழைய காலம், நான் கம்ப்யூட்டரிலேயே நடத்திவிடுவேன்" என்று தோழிகளிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

முதல் நாள்: திரையில் வந்த புரியாத மொழி

சீனியர் அக்கா ஒருவர் மின்சுற்று பற்றிய பழைய பைல் ஒன்றைக் கொடுத்திருந்தார். அதை என் வீட்டுக் கம்ப்யூட்டரில் திருத்தி, அழகுபடுத்தி, பென் டிரைவில் எடுத்துச் சென்றேன். பள்ளியில் புரொஜெக்டர் உள்ள அறையில் மாணவர்கள் வந்து அமர்ந்துவிட்டார்கள். பைலைத் திறந்தேன். திரையில் தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்து ஏதோ கிறுக்கல் போலத் தெரிந்தது. முன் வரிசையில் ஒரு பெண் அதை ஆங்கிலமாக நினைத்து எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினாள். வகுப்பே சிரித்தது.

பத்து நிமிடம் அதையும் இதையும் கிளிக் செய்து பார்த்தேன். பிறகு வியர்த்துப்போய் சாக்பீஸை எடுத்தேன். அன்று நடத்தியதைப் பாடம் என்று சொல்ல முடியாது.

எழுத்து ஏன் மாறியது?

இது உங்களுக்கும் நடக்கக்கூடியது என்பதால் சற்று விளக்கமாகச் சொல்கிறேன். பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில், ஆங்கில எழுத்துக்கான இடத்தில் தமிழ் எழுத்தின் வடிவத்தை வைத்திருந்தார்கள். பாமினி எழுத்துருவில் ஆங்கில 'எம்' இருக்கும் இடத்தில் 'அ' இருக்கும். நம் கண்ணுக்கு அது 'அ'. கம்ப்யூட்டருக்கு அது இன்னமும் 'எம்' தான். அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் பைலைத் திறந்தால் முகமூடி கழன்று 'எம்' வெளியே வந்துவிடும். என் வீட்டுக் கம்ப்யூட்டரில் பழைய எழுத்துரு இருந்தது, பள்ளியில் இல்லை. அவ்வளவுதான்.

இதற்குத் தீர்வு யூனிகோட். 1991-ல் வெளிவந்த அதன் முதல் பதிப்பிலேயே தமிழ் எழுத்துகளுக்குத் தனி இடம் கொடுக்கப்பட்டது. தமிழக அரசும் 2010-ல் யூனிகோடைத் தர முறையாக ஏற்றது. விண்டோஸ் 2000 தொகுப்புடன் லதா எழுத்துருவும், விண்டோஸ் 8 தொகுப்புடன் நிர்மலா எழுத்துருவும் வந்தன. எனவே யூனிகோடில் டைப் செய்த தமிழை இன்றைய கம்ப்யூட்டர் எதில் திறந்தாலும் படிக்கலாம்.

விண்டோஸ் 11 வைத்திருப்பவர்கள் செட்டிங்ஸ் திறந்து, டைம் அண்ட் லாங்குவேஜ், பின்னர் லாங்குவேஜ் அண்ட் ரீஜியன் செல்லவும். ஆட் எ லாங்குவேஜ் என்பதில் கிளிக் செய்து தமிழைத் தேர்ந்தெடுக்கவும். பிறகு தமிழுக்கு எதிரே உள்ள மூன்று புள்ளிகளில் கிளிக் செய்து, லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் மூலம் தமிழ் 99 கீ போர்டைச் சேர்த்திடவும். விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஸ்பேஸ் பாரைத் தட்டினால் ஆங்கிலத்திற்கும் தமிழுக்கும் மாறி மாறிச் செல்லலாம்.

ஒரு விஷயத்தை மறக்க வேண்டாம். பழைய எழுத்துருவில் உள்ள பைலைத் தேர்ந்தெடுத்து, எழுத்துருவை மட்டும் லதா என்று மாற்றினால் தமிழ் வராது, அதே கிறுக்கல்தான் வரும். அதற்கென உள்ள கன்வெர்ட்டர் புரோகிராம் மூலம் மாற்ற வேண்டும், அல்லது மீண்டும் டைப் செய்ய வேண்டும். நான் இரண்டு இரவுகள் உட்கார்ந்து மீண்டும் டைப் செய்தேன். அதனால் டைப்பிங்கும் வந்துவிட்டது!

இரண்டாம் முறை: எல்லாம் சரி, பாடம் மட்டும் இல்லை

அடுத்த வாரம் திரையில் தமிழ் பளிச்சென்று வந்தது. 24 ஸ்லைடுகள். எழுத்துகள் வலமிருந்தும் இடமிருந்தும் வந்து நின்றன. மாணவர்கள் அமைதியாக இருந்தார்கள். வெற்றி என்று நினைத்தேன்.

வகுப்பு முடிந்ததும் வழிகாட்டி ஆசிரியை கேட்டார். "ஏம்மா, கடைசி பெஞ்சுல உட்கார்ந்து ஒரு தடவை பார்த்தியா?"

"இல்லை மேடம்."

"போய் உட்காரு."

உட்கார்ந்தேன். ஸ்லைடில் பாதி வரிகளைப் படிக்க முடியவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் வெளிர் நீலப் பின்னணியும் மஞ்சள் எழுத்தும் ஒன்றாகக் கரைந்திருந்தன.

"நீ திரையைப் பார்த்துப் படிச்ச. பசங்க திரையைப் பார்த்து எழுதினாங்க. நீ அவங்களைப் பார்க்கலை, அவங்க உன்னைப் பார்க்கலை. யாராவது ஒரு கேள்வி கேட்டாங்களா?"

யாரும் கேட்கவில்லை. நான் வெற்றி என்று நினைத்த அமைதிக்கு அதுதான் அர்த்தம்.

அன்று இரவு 24 ஸ்லைடுகளை ஆறாகக் குறைத்தேன். ஒரு ஸ்லைடுக்கு ஒரு படம் அல்லது ஒரு கேள்வி. எழுத்தின் அளவு 32 பாயிண்ட். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. பறக்கும் எழுத்துகள் அனைத்தும் நீக்கம்.

அப்போதுதான் ஒரு சின்ன கீ பற்றித் தெரிந்துகொண்டேன். பவர்பாயிண்ட்டில் எப்5 அழுத்தினால் ஸ்லைடு ஷோ தொடங்கும் என்பது தெரிந்திருக்கும். ஷோ ஓடும்போது ஆங்கில எழுத்து 'பி' (ஏ-க்கு அடுத்து வருவது, பிளாக் என்ற சொல்லின் முதல் எழுத்து) அழுத்தினால் திரை முழுவதும் கறுப்பாகிவிடும். மீண்டும் அழுத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரும். இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் இம்ப்ரஸ் தொகுப்பிலும் இது உண்டு. திரை கறுப்பானதும் நாற்பது முகங்களும் என் பக்கம் திரும்பின. கம்ப்யூட்டரைப் போடக் கற்றுக்கொண்ட நான், அதை எப்போது அணைக்க வேண்டும் என்பதை அன்றுதான் கற்றுக்கொண்டேன்.

திரையில் ஒரு மின்சுற்று

அடுத்து நான் பயன்படுத்தியது ஃபெட் எனப்படும் சிமுலேஷன் தொகுப்பு. பி, எச், இ, டி என்ற நான்கு ஆங்கில எழுத்துகளைச் சேர்த்துத் தேடினால் கிடைக்கும். 2001-ல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வைமன், அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 2002-ல் தொடங்கிய திட்டம் இது. தமிழ் உட்படப் பல மொழிகளில் இதன் சிமுலேஷன்கள் மாற்றப்பட்டு வருகின்றன. டவுன்லோட் செய்தால் ஒரே பைலாக வரும். இன்டர்நெட் இல்லாமலேயே பிரவுசரில் திறந்து இயக்கலாம்.

அதில் மின்சுற்று அமைக்கும் சிமுலேஷனில் பேட்டரி, பல்பு, வயர், சுவிட்ச் எல்லாம் ஓரத்தில் இருக்கும். மவுஸால் இழுத்து வந்து இணைக்க வேண்டியதுதான். பல்பு எரியும். வயருக்குள் எலக்ட்ரான்கள் நகர்வது தெரியும். பல்பு இல்லாமல் பேட்டரியின் இரு முனைகளையும் வயரால் இணைத்தால் தீப்பிடித்து எரிவது போலக் காட்டும். என் மாணவர்கள் அதைத் திரும்பத் திரும்பச் செய்யச் சொன்னார்கள்!

ஒரு எச்சரிக்கை. திரையில் எலக்ட்ரான்கள் எதிர்முனையிலிருந்து நேர்முனைக்குச் செல்லும். பாடப்புத்தகத்தில் மின்னோட்டத்தின் அம்புக்குறி இதற்கு எதிராக இருக்கும். இதைச் சொல்லாவிட்டால் மாணவர்கள் குழம்புவார்கள். சிமுலேஷனிலேயே இரண்டில் எதைக் காட்டுவது என்று தேர்ந்தெடுக்கும் வசதி உள்ளது.

இந்த முறை நான் முதலில் சுவிட்சைப் போடவில்லை. ஒரே மாதிரியான இரண்டு பல்புகளைத் தொடராக இணைத்துவிட்டு, "எது பிரகாசமாக எரியும்? நோட்டில் எழுதுங்கள்" என்றேன். முதலில் ஊகிக்க வைத்து, பிறகு பார்க்க வைத்து, கடைசியில் விளக்கம் கேட்கும் இந்த முறையை ரிச்சர்ட் ஒயிட், ரிச்சர்ட் கன்ஸ்டன் ஆகிய இரு கல்வியாளர்கள் 1992-ல் வெளியிட்ட நூலில் விவரித்திருக்கிறார்கள். வகுப்பில் பாதிக்கு மேற்பட்டவர்கள், பேட்டரிக்கு அருகில் உள்ள முதல் பல்புதான் நன்றாக எரியும் என்று எழுதினார்கள். முதல் பல்பு மின்சாரத்தைக் கொஞ்சம் தின்றுவிடும், மீதிதான் அடுத்ததற்குப் போகும் என்பது அவர்கள் எண்ணம். சுவிட்சைப் போட்டேன். இரண்டும் சமமாக எரிந்தன. வகுப்பில் ஒரே சத்தம். இந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

"மிஸ், எங்க வீட்ல அப்படி எரியலை"

மறுநாள் கடைசி பெஞ்ச் மாணவன் ஒருவன் எழுந்தான். இரண்டு வாரங்களாக அவன் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

"மிஸ், நான் வீட்ல ரெண்டு டார்ச் பல்பு வச்சுப் பார்த்தேன். முதல் பல்பு நல்லா எரியுது, ரெண்டாவது மங்கலா எரியுது. கம்ப்யூட்டர்ல காட்டினது தப்பு மிஸ்."

சிலர் சிரித்தார்கள். "இல்லப்பா, நீ சரியா கனெக்‌ஷன் கொடுத்திருக்க மாட்டே" என்ற பதில் என் வாய் வரை வந்துவிட்டது. அதைச் சொல்லியிருந்தால் அவன் உட்கார்ந்திருப்பான், பிறகு எழுந்திருக்கவே மாட்டான். பின்னால் வழிகாட்டி ஆசிரியை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு எடுத்துட்டு வா, எல்லாரும் பார்ப்போம்" என்றேன்.

கொண்டு வந்தான். இரண்டு செல், இரண்டு பல்பு, கொஞ்சம் வயர். அவன் சொன்னது உண்மை. ஒன்று பிரகாசம், ஒன்று மங்கல். எனக்கே பயமாகிவிட்டது. பிறகு, "பல்புகளை இடம் மாற்றி வை" என்றேன். மாற்றினான். மங்கலான பல்பு இப்போது முதல் இடத்தில் இருந்தும் மங்கலாகத்தான் எரிந்தது. அப்படியானால் காரணம் இடம் இல்லை, பல்புதான்!

பல்புகளின் உலோக அடிப்பாகத்தை ஒரு பெண் உற்றுப் பார்த்தாள். ஒன்றில் 2.5 வோல்ட், 0.2 ஆம்பியர். மற்றதில் 2.5 வோல்ட், 0.3 ஆம்பியர். இரண்டும் வெவ்வேறு மின்தடை உள்ளவை. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் முதலாவதற்கு 12.5 ஓம், இரண்டாவதற்கு ஏறத்தாழ 8.3 ஓம் வருகிறது. தொடர் இணைப்பில் இரண்டிலும் ஒரே மின்னோட்டம்தான் செல்லும். ஆகவே மின்தடை அதிகமுள்ள பல்பு அதிகமாக எரியும். 0.3 ஆம்பியர் பல்புதான் மங்கலாக இருந்தது.

மீண்டும் சிமுலேஷனைத் திறந்தேன். ஒரு பல்பில் கிளிக் செய்தால் அதன் மின்தடையை மாற்றும் ஸ்லைடர் வரும். அந்த மாணவனையே அழைத்து மவுஸைக் கொடுத்தேன். ஒன்றை 12 ஓம், மற்றதை 8 ஓம் என்று வைத்தான். திரையிலும் ஒன்று பிரகாசமாகவும் ஒன்று மங்கலாகவும் எரிந்தன. "நம்ம பல்பு மாதிரியே எரியுது மிஸ்!" என்றான். கம்ப்யூட்டர் தப்பு இல்லை, அவனும் தப்பு இல்லை. நான் கேட்க மறந்த கேள்வியை அவன் கேட்டிருக்கிறான்.

வழிகாட்டி ஆசிரியை அன்று என் பாடக்குறிப்பு நோட்டில் "நன்று" என்று மட்டும் எழுதிக் கையெழுத்திட்டார்.

கிளம்பும் முன் கவனிக்க

பள்ளிக்கோ, அலுவலகத்திற்கோ, விழாவிற்கோ உங்கள் பைலை எடுத்துச் செல்லும் முன் இவற்றைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

1. தமிழ் யூனிகோடில் உள்ளதா? வேறு ஒரு கம்ப்யூட்டரில் ஒரு முறை திறந்து பாருங்கள்.

2. பைல் மெனுவில் சேவ் அஸ் சென்று பி.டி.எப். வடிவிலும் ஒரு நகல் வைத்திடவும். அசைவுகள் வராது, ஆனால் எழுத்து மாறாது.

3. புரொஜெக்டரில் படம் வரவில்லையா? விண்டோஸ் கீயுடன், புரொஜெக்டர் என்ற ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்துக்கான கீயையும் சேர்த்து அழுத்திடவும். வரும் பட்டியலில் டூப்ளிகேட் தேர்ந்தெடுக்கவும்.

4. பழைய புரொஜெக்டரில் வி.ஜி.ஏ. இணைப்பு மட்டும் இருக்கலாம். உங்கள் லேப்டாப்பில் எச்.டி.எம்.ஐ. மட்டும் இருக்கலாம். முந்தைய நாளே போய்ப் பார்த்து, தேவையான அடாப்டரை வாங்கி வைக்கவும்.

5. கடைசி வரிசையில் உட்கார்ந்து படித்துப் பாருங்கள்.

6. மின்சுற்றுச் சோதனைகளை டார்ச் செல்லில் மட்டும் செய்யச் சொல்லுங்கள். வீட்டு மின்சாரத்தில் கை வைக்கக் கூடாது என்பதை வகுப்பில் இரண்டு முறையாவது சொல்லுங்கள்.

7. சாக்பீஸ் ஒன்று கைவசம் இருக்கட்டும். கரண்ட் போகலாம்!

என் பயிற்சி முடிய இன்னும் ஐந்து வாரங்கள் இருக்கின்றன. இப்போதும் கம்ப்யூட்டரை எடுத்துச் செல்கிறேன், ஆனால் ஒரு பீரியடில் பத்து நிமிடத்திற்கு மேல் திரை எரிவதில்லை. முதலில் மாணவர்களின் ஊகம், பிறகு திரை, அதன்பின் அவர்கள் கையில் பல்பும் வயரும். உங்கள் வீட்டில் பள்ளி செல்லும் குழந்தை இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை இந்தச் சிமுலேஷனை டவுன்லோட் செய்து பாருங்கள். சுவிட்சைப் போடும் முன், "எது பிரகாசமாக எரியும்?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.