போர்டு எழுதறவர்கிட்ட கத்துக்கணும், சார்!

மதுரை ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பத்து நிமிஷம் சும்மா நின்று பாருங்கள். பஸ் உள்ளே திரும்பும்போதே ஒரு கூட்டம் ஓடும். கையில் பை, இடுப்பில் குழந்தை, தலையில் மூட்டை... ஓடிக்கொண்டே போர்டைப் படித்துவிடுவார்கள்! 'தேனி' என்று பெரிதாக. கீழே பொடியாக 'செக்கானூரணி, உசிலம்பட்டி, ஆண்டிபட்டி'. ஊர் பெரிசு, வழி சிறிசு. எழுத்து ஒரு நிறம், பலகை அதற்கு நேர் எதிர் நிறம். அறுபது தாண்டிய அப்பத்தாகூட இருபதடி தூரத்திலேயே படித்துவிட்டு, "ஏப்பா, ஆண்டிபட்டில நிக்கும்ல?" என்று கண்டக்டரிடம் ஒரு கேள்வியும் போட்டுவிட்டுத்தான் ஏறுவார்.

அதே அப்பத்தா, பஸ்ஸில் உட்கார்ந்து பேரனின் செல்போனில் முதியோர் உதவித்தொகை விவரம் பார்க்கிறார் என்று வையுங்கள். அடுத்த நிமிஷமே போனைத் திருப்பி நீட்டுவார். "கண்ணு தெரியலப்பா, நீயே படிச்சுச் சொல்லு."

வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குக் கிட்டத்தில் தடுமாற்றம் சகஜம்தான். ஆனால், பேரனும் அல்லவா கண்ணைச் சுருக்கிக்கொண்டு போனை மூக்குவரை கொண்டுபோகிறான்! ஆக, பழியை முழுக்கக் கண் மேல் போட முடியாது. எழுத்தின் மேலும் கொஞ்சம் போட்டாக வேண்டும்.

கட்டம் கட்டமாக ஒரு காலம்

இன்டர்நெட்டில் தமிழ் வந்த புதிதில், 'படிக்க நன்றாக இருக்கிறதா?' என்று யாரும் கேட்கவில்லை. 'தெரிகிறதா?' என்பதே பெரிய கேள்வி. ஒவ்வொரு பத்திரிகைத் தளத்துக்கும் தனி எழுத்துரு. அதை இறக்கிப் போட்டுக்கொள்ளாவிட்டால் திரையில் கிறுக்கல்தான். பாமினி எழுத்துருவில் அடித்த 'அம்மா', அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் 'எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச்' என்று ஆங்கிலத்தில் நிற்பாள். பெற்ற தாயையே அடையாளம் தெரியாது!

சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவை இலவசமாகத் தந்தார். 1998 பொங்கலன்று அவரும் நண்பர்களும் பழந்தமிழ் நூல்களை வலையேற்றத் தொடங்கிய திட்டத்துக்கு வைத்த பெயர் என்ன தெரியுமா? 'மதுரைத் திட்டம்'! மலேசியாவில் முத்து நெடுமாறன் 'முரசு அஞ்சல்' செய்தார். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டில் பொதுக் குறியீடும் தமிழ்99 விசைப்பலகையும் பேசி முடிவாயின. பிறகு யூனிகோடு எங்கும் பரவியது. 2010-ல் தமிழக அரசும் அதை ஏற்றது.

ஆக, எழுத்து தெரிய ஆரம்பித்துவிட்டது. ஆனால், பந்தி போட்டாயிற்று என்பதற்காகச் சாப்பாடு ருசித்துவிடுமா?

மூச்சு விட இடம் கொடுங்க!

ஆங்கிலச் சின்ன எழுத்துக்களில் பாதிக்கு மேல் இரண்டு கோட்டுக்கு நடுவில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும். தமிழ் அப்படியில்லை. 'கி', 'கீ' மேலே கொண்டை போடும். 'மூ', 'ழு' கீழே வாலை நீட்டும். தலைக்கு மேல் புள்ளி வேறு! ஆங்கிலத்துக்கு அளவெடுத்த சட்டையைத் தமிழுக்கு மாட்டினால், மேல்வரியின் வால் கீழ்வரியின் புள்ளியில் இடிக்கும். புள்ளி போனால் 'பல்' போய்ப் 'பல' ஆகிவிடும். பல் டாக்டர் பல டாக்டர் ஆகிவிடுவார்.

அச்சகத்தில் கம்பாசிட்டர்கள் வரிக்கு வரி நடுவில் ஈயத் தகடு வைத்து இடம் விடுவார்கள். திரையில் தகடு கிடையாது. ஒரு எண் போட்டால் போதும். எழுத்தின் அளவைப்போல் ஒன்றரை மடங்கு ஆங்கிலத்துக்குச் சரி. தமிழுக்கு 1.6-லிருந்து 1.8 வரை கொடுத்துப் பாருங்கள். அளவையும் கொஞ்சம் ஏற்றுங்கள். பிரவுசர்கள் சாதாரணமாக வைத்திருக்கும் 16 பிக்ஸலைத் தமிழுக்கு 18 ஆக்கினால், 'ண'வின் சுழிகளை எண்ண முடியும்.

சுழி என்ன அவ்வளவு முக்கியமா? முக்கியம்தான். 'மணம்' வேறு, 'மனம்' வேறு. எழுத்துருவில் தடித்த வடிவமே இல்லாதபோது 'தடிமனாக்கு' என்று சொன்னால், பிரவுசர் இருக்கிற எழுத்தின் மேலேயே மை பூசி ஒப்பேற்றும். சுழிகள் அடைத்துக்கொண்டு 'ண', 'ன' இரண்டும் கறுப்பு உருண்டையாகிவிடும். சாய்வெழுத்தும் அப்படித்தான். ஆங்கிலத்தில் அதற்கென்று தனியே வரைந்த வடிவம் உண்டு. தமிழில் அந்த மரபே இல்லை. இல்லாததைக் கேட்டால், நிற்கிற எழுத்தைப் பிடித்துத் தள்ளிச் சாய்த்துவிடுகிறது கம்ப்யூட்டர். ஒரு சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டுமா? உண்மையான தடித்த வடிவம் உள்ள எழுத்துருவாகப் பார்த்து எடுங்கள்.

மாட்டுத்தாவணி இடைவெளி

தமிழில் சொற்கள் ரயில் மாதிரி. 'அழைக்கப்பட்டிருந்தவர்களுக்காகவும்' என்று பெட்டி பெட்டியாகக் கோத்துக்கொண்டே போகலாம். செல்போன் அகலத்தில் ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல்தான் கொள்ளும். அதில் போய் இரண்டு பக்கமும் ஓரம் சமமாக வர வேண்டும் என்று அடம் பிடித்தால், ஒரு சொல் ஆரப்பாளையத்திலும் அடுத்த சொல் மாட்டுத்தாவணியிலும் நிற்கும். இடது ஓரம் நேராக இருக்கட்டும், வலது ஓரம் எப்படியோ போகட்டும்... விட்டுவிடுங்கள். சொல்லை உடைத்தே ஆக வேண்டுமென்றால், புள்ளி வைத்த எழுத்து அடுத்த வரியின் தலையில் போய் உட்காராமல் பார்த்துக்கொண்டால் சரி.

ஸ்டைலாக இருக்கும் என்று தலைப்பு எழுத்துக்களை இழுத்து இழுத்து வைப்பதும் வேண்டாம். துணைக்கால் யாருடைய கால் என்று தெரியாமல் 'ர'வாகிவிடும். 'காடு' என்று நீங்கள் எழுதுவீர்கள். படிப்பவர் 'கரடு' என்பார்.

மதுரை பெயரிலேயே இருக்கு!

எந்த எழுத்துருவை எடுப்பது? இலவசமாகவே நல்லவை கிடைக்கின்றன. 'ஹிந்த் மதுரை' இந்தியன் டைப் ஃபவுண்ட்ரி செய்தது. சன்னத்திலிருந்து தடிமன் வரை ஐந்து வடிவம், ஆங்கிலமும் கூடவே. நீண்ட கட்டுரைக்கும் படிவத்துக்கும் பொருந்தும். போர்ச்சுகல் கலைஞர்கள் வரைந்த 'அரிமா மதுரை' கொஞ்சம் நெளிவு சுளிவானது, தலைப்போடு நிறுத்திக்கொள்ளலாம். 'முக்த மலர்' இருக்கிறது. கூகுளின் 'நோட்டோ' இருக்கிறது. எழுத்து இல்லாத இடத்தில் வரும் வெற்றுக் கட்டத்துக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் 'டோஃபு' என்று பெயர் வைத்திருந்தார்கள். அந்த டோஃபு 'நோ' என்பதுதான் நோட்டோ!

பலர் செய்யும் கூத்து ஒன்று உண்டு. பக்கத்துக்கு ஆங்கில எழுத்துருவை மட்டும் பார்த்துப் பார்த்துக் குறித்துவிட்டு, தமிழைத் தெய்வத்திடம் விட்டுவிடுவார்கள். போனில் எது இருக்கிறதோ அது வந்து உட்காரும். ஒரே வரியில் ஆங்கிலம் மாப்பிள்ளை மாதிரியும் தமிழ் மாப்பிள்ளைக்குத் தோழனாக வந்த பக்கத்து வீட்டுப் பையன் மாதிரியும் நிற்கும். தமிழுக்கென்று பெயர் சொல்லி ஓர் எழுத்துருவைக் குறித்துவிட்டால் வேலை முடிந்தது.

கண்ணை ஏமாற்றும் கள்ளன்

கண்ணுக்குச் சரியாகத் தெரிந்து கம்ப்யூட்டருக்குத் தெரியாத தப்புகளும் உண்டு. 'எ' போட வேண்டிய இடத்தில் தமிழ் எண் ஏழான '௭'. 'ர' போட வேண்டிய இடத்தில் துணைக்கால். 'ஔ' என்று ஒரே எழுத்தாக அடிக்காமல் 'ஒ', 'ள' என்று இரண்டாக. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். தேடினால் மட்டும் சிக்காது. ஔவையாரைத் தேடுகிறவருக்குப் பாட்டி கிடைக்கவே மாட்டார்!

இதைவிடக் கொடுமை, அறிவிப்பைப் படமாக எடுத்து ஒட்டிவிடுவது. பெரிதாக்கினால் மங்கும். தேடலில் வராது. பார்வையற்றவர்களுக்காகத் திரையை வாசித்துச் சொல்லும் மென்பொருள், எழுத்தை நேராக வாசிக்கும். படமென்றால் பெரும்பாலும் திணறிப்போகும். ஸ்காலர்ஷிப்புக்கு விண்ணப்பிக்கும் ஒரு பார்வையற்ற மாணவிக்கு அது சாத்திய கதவுதான். வெள்ளையில் வெளிர்சாம்பல் எழுத்தும் வேண்டாம். ஏ.ஸி. அறையில் அது நாகரிகம். மதுரை வெயிலில் அது வெறும் கண்ணாடி.

கடைசியாக ஒரு பரீட்சை. தளம் தயாரானதும் முதலில் 'ஸ்ரீவில்லிபுத்தூர்', 'திருப்பரங்குன்றம்' இரண்டையும் மேலும் கீழுமாக அடித்துப் பாருங்கள். எதுவும் முட்டக் கூடாது. பிறகு மலிவான செல்போன் ஒன்றில் போட்டு, நடுப்பகலில், வெயிலில், உங்கள் வீட்டுப் பெரியவர் யாரிடமாவது கொடுங்கள். "அழகா இருக்கா?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். "ஓ, பிரமாதம்" என்று மனசு நோகாமல் சொல்லிவிடுவார்.

"விண்ணப்பிக்கக் கடைசித் தேதி என்ன போட்டிருக்கு?" என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் நீங்கள் பாஸ்!