மஷ்ரபிய்யாவும் ஒரு நாவலும்

நஜீப் மஹ்ஃபூழ் எழுதிய 'பைனல் கஸ்ரைன்' (1956) நள்ளிரவில் தொடங்குகிறது. அமீனா என்னும் இல்லத்தரசி, வெளியே சென்ற கணவர் திரும்பும் நேரமறிந்து உறக்கத்திலிருந்து எழுகிறாள், விளக்கேற்றுகிறாள், தெருவை நோக்கிப் புடைத்து நிற்கும் மரப்பின்னல் மாடத்தினுள் சென்று, அதன் சிறு துளைகளின் வழியே கெய்ரோவின் வீதியையும் மினாராக்களையும் பார்த்து நிற்கிறாள். நவீன அரபு இலக்கியத்தில் பெரும் செல்வாக்குப் பெற்ற ஒரு முத்தொகுதியின் தலைவாயில் அந்த மாடமே. அதன் பெயர் மஷ்ரபிய்யா. அதனை வெறும் அலங்காரம் என்றோ, பெண்களை மறைக்கும் திரை என்றோ கருதிப் பலரும் கடந்து விடுகின்றனர். அது செய்யப்படும் முறையை அறிந்தவருக்கு நாவலும் வேறு விதமாகப் பொருள் தரும்.

இச்சொல்லுக்கு இரு மூலங்கள் கூறப்படுகின்றன. ஒன்று, குடித்தலைக் குறிக்கும் 'ஷரிப'. காற்றோட்டமுள்ள அம்மாடத்தில் மண்கூஜாக்களை வைத்துக் குடிநீரைக் குளிரச் செய்தனர். மற்றொன்று, உயரத்திலிருந்து நோக்குதலைக் குறிக்கும் 'அஷ்ரஃப'. பொருளளவில் இரண்டுமே பொருந்துகின்றன.

எகிப்தில் நல்ல மரம் அரிது. பெரும்பாலும் வெளிநாடுகளிலிருந்தே வர வேண்டும். அகன்ற பலகையோ அந்நாட்டு வெப்பத்தில் முறுக்கிக்கொள்ளும்; வெடிக்கும். எனவே தச்சர்கள் சிறு துண்டுகளைக் கடைசல் பிடித்து, ஒன்றன் கழுந்தை மற்றொன்றின் துளையில் பொருத்தினர். சிறந்த வேலைப்பாடுகளில் ஆணியுமில்லை, பசையுமில்லை. மரம் சுருங்கவும் விரியவும் ஒவ்வொரு மூட்டிலும் சிறிது இடம் இருந்தது. அதன் நீடித்த ஆயுளுக்கு இதுவே காரணம். கண்ணுக்கு நேரான பகுதியில் பின்னல் நெருக்கமாகவும், மேலே அகன்றும் இருக்கும். உருண்ட கடைசல்களில் பட்டு வெயிலின் கூச்சம் தணியும். ஒளி, காற்று, வெப்பம், ஈரப்பதம், அந்தரங்கம் ஆகிய ஐந்தையும் இந்த ஒரே அமைப்பு சீர்செய்வதைக் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹீ (1900–1989) 1986இல் வெளிவந்த தம் நூலில் விளக்கியுள்ளார். 1648இல் கட்டப்பெற்று 1796இல் விரிவாக்கப்பட்ட 'பைதுஸ் ஸுஹைமீ' என்னும் கெய்ரோ மாளிகையில் இவற்றைக் கண்ணாரக் காணலாம்.

அம்மாளிகை இருக்கும் ஜமாலிய்யா பகுதியிலேயே 1911இல் மஹ்ஃபூழ் பிறந்தார். கெய்ரோவின் இடப்பெயர்களையே தம் முத்தொகுதியின் மூன்று பாகங்களுக்கும் சூட்டினார். 1917 முதல் 1944 வரை ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளைக் கூறும் இக்கதையில், காலம் நகர்வதை வீட்டின் உட்புறமே உணர்த்துகிறது. மூன்றாம் பாகமான 'அஸ்ஸுக்கரிய்யா' தொடங்கும்போது பழைய விளக்கு மறைந்து மின்விளக்கு தொங்குகிறது. இதயம் நலிந்த தந்தையால் மாடிப்படி ஏற இயலாததால், குடும்பத்தார் கூடிக் காப்பி அருந்தும் இடமும் கீழ்த்தளத்திற்கு இறங்கிவிடுகிறது. சிறு துண்டுகளைப் பொருத்திய தச்சனின் பொறுமையை ஆசிரியரிடமும் காண்கிறோம்.

ஆயினும் மஹ்ஃபூழ் பழமையை வெறுமனே போற்றுபவரல்லர். கணவர் வெளியூர் சென்றிருந்த நாளில் அமீனா ஹுஸைன் பள்ளிவாசலுக்குச் செல்கிறாள். வழியில் மோட்டார் வண்டி மோதித் தோளெலும்பு முறிகிறது. குணமடைந்ததும், அனுமதியின்றி வெளியேறிய குற்றத்திற்காகக் கணவர் அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார். அவரோ இரவுதோறும் கேளிக்கைகளில் திளைப்பவர்.

மஷ்ரபிய்யாவை நம் பாரம்பரியப் பெருமை என்று மட்டும் பேசுபவர் அமீனாவின் துயரைக் காணத் தவறுகிறார். அதனைச் சிறைக்கம்பி என்று மட்டும் பழிப்பவர் கைவினைஞனுக்கு அநீதி இழைக்கிறார். அம்மாடம் அவளுக்குக் காற்றையும் வெளியுலகக் காட்சியையும் தந்தது. அவளை அடைத்து வைத்தது கணவரின் கட்டளை. கலைப்பொருளையும் அதன் நிழலில் நடந்த அநீதியையும் பிரித்தறியும் இந்நிதானத்தை இந்நாவல் வாசகருக்குப் பயிற்றுவிக்கிறது.

1988இல் நோபல் பரிசு பெற்ற மஹ்ஃபூழின் பெயரைக் கேட்டதும், 1959இல் சர்ச்சைக்குள்ளான 'அவ்லாது ஹாரதினா' பலருக்கு நினைவு வரும். அந்நூலைக் குறித்த விவாதம் தனியே நிகழட்டும். அதன்பொருட்டு முத்தொகுதியைப் புறக்கணிப்பது, ஒரு சாளரம் பிடிக்கவில்லையென்று வீடு முழுவதையும் காணாமல் திரும்புவதாகும். நாவல் வாசிப்பது வீண்பொழுது என்று கருதும் எம் மாணவர்களிடம் நான் வாதிடுவதில்லை. அந்த நள்ளிரவுக் காட்சியை மட்டும் ஒருமுறை அரபியில் வாசித்து வரச் சொல்கிறேன்.